சந்தேகங்களுக்கு விளக்கம்: அந்த ஒரு ஸ்ட்ரோக்கைக் கழிச்சுட்டா கோப்பை சென்னுக்கா?

வணக்கம். இன்னிக்கு கோல்ஃப் பத்தி ஏழெட்டு கேள்வி எடுத்து வெச்சிருந்தேன். முதல் கேள்வியிலயே மாட்டிக்கிட்டேன். மூணு நாளா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது. பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு அனுப்பியிருக்கு. பேர் வாசிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால வாசிக்கல. கேள்விய அப்படியே படிக்கிறேன்.

"சார், தைவான் ஆட்டக்காரர் டி.சி. சென் 1985 அமெரிக்க ஓபனில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார் என்று சொன்னீர்கள். ஒரே அடியில் கிளப் (மட்டை) பந்தில் இரண்டு முறை பட்டதற்காக அவருக்கு ஒரு ஸ்ட்ரோக் தண்டனை. 2019-ல் அந்தத் தண்டனையையே எடுத்துவிட்டார்கள். அப்படியானால் கோப்பை அவருக்குத்தானே சேர வேண்டும்?"

எவ்வளவு அழகா கேட்டிருக்கு பாருங்க! போன தடவ நான் ஒரு மணி நேரம் பேசினதுல இந்தப் பொண்ணு ரெண்டே ரெண்டு நம்பரை எடுத்துக்கிட்டு என்னைய மடக்கிடுச்சு. சரி, பதில் சொல்றேன். ஆனா கொஞ்சம் சுத்தித்தான் வருவேன். வழக்கமா பாக்கறவங்களுக்குத் தெரியும்.

முதல்ல புதுசா வந்தவங்களுக்காக. பந்தை அடிக்கற ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்ட்ரோக். ஒவ்வொரு ஹோல்லயும், அதாவது குழியிலயும், எத்தனை அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். மொத்தத்துல யாருக்கு ஸ்ட்ரோக் கொறைச்சலோ அவர்தான் ஜெயிப்பாரு. 1985 ஜூன் மாசம். அமெரிக்காவுல மிச்சிகன், ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானம். சென்னுக்கு 26 வயசு. முதல் நாள், ரெண்டாவது ஹோல், பார் அஞ்சு. அஞ்சு அடியில முடிக்க வேண்டியதை மனுஷன் ரெண்டே அடியில முடிச்சுட்டாரு. அதுக்கு ஆல்பட்ராஸ்னு பேரு. அமெரிக்க ஓபன்ல பதிவான முதல் ஆல்பட்ராஸ் அதுதான். அன்னிக்கு மொத்தம் 65 ஸ்ட்ரோக். அடுத்த ரெண்டு நாளும் 69, 69. மூணு நாளும் முன்னிலையில இருந்தாரு. கடைசி நாள் ஞாயித்துக்கிழமை, நாலு ஹோல் முடியும்போது நாலு ஸ்ட்ரோக் முன்னால.

அஞ்சாவது ஹோல். பார் நாலு. இங்கதான் எல்லாமே. நான் விரல்ல எண்ணறேன், நீங்களும் எண்ணுங்க.

ஒண்ணு, டிரைவ், அதாவது ஹோலோட முதல் அடி. அதுல குத்தமில்ல. ரெண்டு, அயர்ன்னு ஒரு வகை கிளப்பால அடிச்சாரு, வலது பக்கம் மரத்துப் பக்கம் போயிடுச்சு. மூணு, அங்கேருந்து எடுத்து விட்டாரு, குழி இருக்கற வழவழப்பான புல்தரை, கிரீன்னு பேரு, அதுக்கு வந்து சேரல. பக்கத்துல ரஃப்ல, அதாவது அடர்ந்த புல்லுல உக்காந்துடுச்சு. நாலாவதுதான் அந்த சிப், கிட்டக்கேருந்து கிரீனுக்குத் தூக்கி விடற சின்ன அடி. வெட்ஜ்னு பந்தைத் தூக்கி விடற கிளப்பை எடுத்து மெதுவா விடப் பாத்தாரு. கிளப் புல்லுல சிக்கி வேகம் கொறஞ்சுது. பந்து சோம்பலா மேல எழும்புது. புல்லை விட்டு வெளிய வந்த கிளப் மறுபடி வேகம் எடுத்து, காத்துல நிக்கற பந்தை இன்னொரு தட்டு தட்டிடுச்சு. பந்து இடது பக்கம் திரும்பி கிரீன் ஓரத்துல போய் நின்னுது.

நம்ம கிட்டிப்புள் ஆடினவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புள்ளோட நுனியில ஒரு தட்டு, அது எழும்பும், எழும்பினதை அந்தரத்துலயே ஒரு அடி. நமக்கு அதுதான் ஆட்டமே. கோல்ஃப்ல அது குத்தம். அன்னிக்கு விதி 14-4 என்ன சொல்லுச்சுன்னா, அந்த அடியையும் எண்ணிக்கோ, மேல ஒண்ணு தண்டனையும் போட்டுக்கோ. அதனால நாலோட அஞ்சும் போச்சு. ஆறு, ஓரத்துலேருந்து இன்னொரு சிப். அப்புறம் கிரீன்ல குழியைப் பாத்து உருட்டி விடற ரெண்டு பட். ஏழு, எட்டு. பார் நாலுல எட்டு! நாலு ஸ்ட்ரோக் முன்னிலை ஒரே ஹோல்ல காலி.

இதுல ஒண்ணு சொல்லிடறேன். இந்த டபுள் ஹிட்டை வேணும்னே பண்ண முடியுமான்னு நானே ஒரு மழைக்காலத்துல முயற்சி பண்ணிப் பாத்தேன். வீட்டுக்குப் பின்னாடி காலி மனை, முழங்கால் உசரத்துக்குப் புல்லு. பழைய வெட்ஜ் ஒண்ணு, நாப்பது பந்து. ஒரு தடவ கூட அந்த ரெண்டு சத்தம் கேக்கல. கடைசிப் பந்து பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில போய் ஒரு லுங்கிக்குள்ள விழுந்துச்சு. வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த என் மனைவி சொன்னாங்க, "அது தானா வந்தாத்தான் உண்டு, உங்களுக்கெல்லாம் கூப்பிட்டா வராது"ன்னு. 2019ல விதியை மாத்தினவங்க யோசனையும் கிட்டத்தட்ட இதேதான். யாரும் திட்டம் போட்டு செய்யற காரியம் இல்ல. இதனால ஆடறவனுக்கு லாபமும் இல்ல. அப்புறம் எதுக்குத் தண்டனை? தெரியாம பட்டா, எத்தனை தடவ பட்டாலும் ஒரே ஸ்ட்ரோக்தான். வேணும்னே போற பந்தைத் தட்டினா இன்னிக்கும் தண்டனை உண்டு, அது வேற.

இப்ப கேள்விக்கு வர்றேன். சென் முடிச்சது 280. ஜெயிச்ச ஆண்டி நார்த் 279. இன்னிய விதிப்படி ஒண்ணைக் கழிங்க. சென்னுக்கும் 279. அதாவது சமம். சமம்னா கோப்பை கையில கொடுத்துட மாட்டாங்க. அப்பல்லாம் அமெரிக்க ஓபன்ல சமமா வந்தா திங்கக்கிழமை மறுபடி 18 ஹோல் ஆடணும். அதனால, தங்கச்சி, கணக்குப்படி பாத்தாலே கோப்பை சேராது. திங்கக்கிழமை சேரும், அவ்வளவுதான்.

ஆனா அந்தக் கணக்கே எனக்கு ஒத்துக்கல. ஏன்னு கேளுங்க. நார்த் கடைசி ஹோலுக்கு வரும்போது ரெண்டு ஸ்ட்ரோக் முன்னால இருந்தாரு. அதனால ஆபத்து எதுவும் எடுக்காம பாத்து ஆடி, ஒரு போகி (பாரை விட ஒண்ணு அதிகம்) போட்டு, ஒண்ணு வித்தியாசத்துல முடிச்சுக்கிட்டாரு. ரெண்டு ரூபா கையில இருக்கறவன் ஒரு ரூபாயை நிம்மதியா செலவு பண்ணுவான். ஒரே ரூபா இருந்தா அதே கடையில அதே மாதிரி நடந்துக்குவானா? சென் கணக்குல ஒண்ணு கொறைஞ்சிருந்தா நார்த் அந்தப் பதினெட்டாவது ஹோலை வேற மாதிரி ஆடியிருப்பாரு. நல்லாவும் போயிருக்கலாம், கெட்டும் போயிருக்கலாம். பழைய ஸ்கோர் கார்டுல நடுவுல ஒரு நம்பரைத் திருத்திட்டு, கீழ இருக்கற நம்பரெல்லாம் அப்படியே இருக்கும்னு நெனைக்கறது தப்பு. இதை நான் அஞ்சாறு வீடியோவுல சொல்லிட்டேன், திரும்பவும் சொல்றேன்.

அப்படிக் கழிக்க ஆரம்பிச்சா எங்க நிறுத்துவீங்க? அதே போட்டியில ஜிம்பாப்வேக்காரர் டெனிஸ் வாட்சன்னு ஒருத்தர். முதல் நாள் எட்டாவது ஹோல்ல அவர் பட் பண்ணின பந்து குழி விளிம்புல வந்து தொங்கிக்கிட்டு நின்னுது. விழும் விழும்னு காத்திருந்தாரு. பத்து செகண்டுக்கு மேல காத்திருக்கக் கூடாதுன்னு விதி. இவர் முப்பத்தஞ்சு செகண்ட் மாதிரி நின்னாரு. பந்தும் விழுந்துச்சு. ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனை! அவரும் முடிச்சது 280. சென்னுக்கு ஒண்ணைக் கழிச்சா வாட்சனுக்கு என்ன செய்யறது? கனடாக்காரர் டேவ் பாரும் அதே 280தான், அவர்கிட்ட கழிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, பாவம்.

தைவான்காரங்களுக்கும் இந்த ஒரு ஸ்ட்ரோக்குக்கும் என்னவோ பூர்வ ஜென்ம பந்தம். மிஸ்டர் லூவை ஞாபகம் இருக்கா? லூ லியாங்-ஹுவான். 1971ல இங்கிலாந்துல ராயல் பர்க்டேல்ல, கைதட்டினவங்களுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கித் தூக்கி வணக்கம் வெச்சாரே, அவரேதான். லீ டிரெவினோகிட்ட ஒரு ஸ்ட்ரோக்ல பிரிட்டிஷ் ஓபனை விட்டாரு. 39 வருஷம் கழிச்சு, 2010ல, அதே பர்க்டேல்ல தைவான் பொண்ணு யானி செங் பெண்கள் பிரிட்டிஷ் ஓபனை ஒரே ஸ்ட்ரோக்ல ஜெயிச்சாங்க. இதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது. எனக்குச் சொல்லப் பிடிக்கும், சொல்றேன்.

சரி. இந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி எதுன்னு நான் சொல்றேன். அந்த எட்டுக்கு அடுத்து என்ன ஆச்சு? அதை யாருமே கேக்கறதில்ல. அஞ்சாவது ஹோல்ல எட்டு. ஆறு, ஏழு, எட்டு மூணு ஹோல்லயும் போகி. கை நடுங்கியிருக்கும், இல்லையா? ஆக நாலு ஹோல்ல ஏழு ஸ்ட்ரோக் போச்சு. அன்னிக்கு அவர் மொத்த ஸ்கோர் 77. அங்க பார் 70. ஏழுதான் அதிகம். ஏழும் அந்த நாலு ஹோல்லயே தீந்துடுச்சு! மிச்சம் பதினாலு ஹோலைக் கூட்டிப் பாருங்க, சரியா பார்.

ஜெயிச்ச நார்த்தே அன்னிக்கு 74 அடிச்சாரு. பெரிய ஆட்டக்காரர் பென் ஹோகன் 1951லயே ராட்சசன்னு திட்டின மைதானம் அது. உலகமே பாக்க ஒரு பந்தை ரெண்டு தடவ அடிச்சு, நாலு ஸ்ட்ரோக் முன்னிலையைத் தொலைச்சு, அதுக்கு மேல மூணு போகியும் போட்டுட்டு, ஒருத்தர் ஒன்பதாவது ஹோல்லேருந்து பழையபடி ஆட்டத்துக்குத் திரும்பி, ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல வந்து நிக்கறாரு. ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிட்டு நாம கெளம்பிடறோம். சறுக்கின ஆனை மிச்ச தூரம் எப்படி நடந்துச்சுன்னு திரும்பிப் பாக்கறதில்ல.

பத்திரிகைக்காரங்க என்ன பண்ணினாங்க? டி.சி.ங்கற எழுத்துக்கு 'டூ சிப்'னு விரிவு எழுதினாங்க. அந்தப் பட்டப்பேர் இன்னிக்கு வரைக்கும் போகல. அவர் அதுக்குக் கோவிச்சுக்கல, தானே சொல்லிச் சிரிச்சுக்குவாரு. எனக்குத்தான் கோவம் வருது. ஆல்பட்ராஸை வெச்சு ஒரு பேர் வெச்சிருக்கக் கூடாதா?

இன்னொண்ணு. 1983ல கெம்பர் ஓபன்னு ஒரு போட்டி. அஞ்சு பேர் சமமா வந்து, யார் ஜெயிச்சதுன்னு முடிவு பண்ண கூடுதல் ஆட்டம், அதான் பிளேஆஃப், ஆடினாங்க. அதுல சென்னும் ஒருத்தர். ஜெயிச்சது ஃபிரெட் கப்பிள்ஸ், அதுதான் அவருக்கு முதல் வெற்றி. ரெண்டு வருஷம் கழிச்சு இந்த எட்டு. இன்னும் ரெண்டு வருஷம், 1987, லாஸ் ஏஞ்சலஸ் ஓபன், ரிவியேரா மைதானம். மறுபடி சமம், மறுபடி பிளேஆஃப். எதிர்ல நிக்கறது பென் கிரென்ஷா. பட் பண்றதுல அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு பேர் வாங்கினவர். முதல் கூடுதல் ஹோல்லயே சென் பார் போட்டு முடிச்சுட்டாரு. அமெரிக்காவோட பெரிய தொழில்முறைப் போட்டி வரிசையான பிஜிஏ டூர்ல ஒரு தைவான்காரர் ஜெயிச்சது அதுதான் முதல் தடவ. அந்த வாரம் அவரை 'டூ சிப்'னு கூப்பிட்டவங்க என்ன நெனைச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு ஆசை, தெரிஞ்சுக்கணும்னு.

தங்கச்சி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். அந்த 77ஐ ஒரு பேப்பர்ல எழுதிக்கோ. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு நாலு ஹோலையும் கையால மறைச்சுக்கிட்டு மிச்சத்தைப் பாரு. பாத்துட்டு மறுபடி எழுது.

அடுத்த கேள்வி, யானி செங் இப்ப ஏன் இடது கைக்காரங்க மாதிரி நின்னு பட் பண்றாங்க? இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.