கேன்சர் கட்டிக்குள்ள எவ்ளோ பிரஷர் இருக்கு?

வணக்கம் மக்களே! கீமோ மருந்து ரத்தத்துல ஏறிட்டா கட்டிக்குள்ளயும் தானா போயிடும்னுதானே நினைக்கிறோம்? நிறைய கட்டியில அது உள்ள சரியா போறதே இல்ல.

இதுல வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவர் ஒரு கெமிக்கல் இன்ஜினியர், ராகேஷ் ஜெயின். 1972ல கான்பூர் ஐஐடில பி.டெக் முடிச்சவர். இப்ப பாஸ்டன்ல, மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டல்ல இருக்கார்.

விஷயம் பள்ளிக்கூட பிசிக்ஸ்தாங்க. பிரஷர் ஜாஸ்தியான இடத்துலேர்ந்து கம்மியான இடத்துக்குத்தான் திரவம் போகும். நல்ல திசுவுல ரத்தக்குழாய்க்கு வெளிய பிரஷர் கிட்டத்தட்ட ஜீரோ. மருந்து சுலபமா வெளிய வந்து செல்லைத் தொட்டுடும். கட்டியில குழாயெல்லாம் ஓட்டை. கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதை வடிச்சு எடுக்க வேண்டிய நிணநீர்க் குழாய் உள்ள வேலை செய்யாது. ரத்தக்குழாய்க்கு வெளிய இருக்கற பிரஷர் ஏறி ஏறி குழாய்க்குள்ள இருக்கற பிரஷருக்குச் சமமாயிடும். அப்புறம் மருந்தை எது தள்ளும்?

இன்னொரு அழுத்தமும் இருக்கு. செல்லும், கொலாஜன்ங்கற புரத நாரும் ஒண்ணை ஒண்ணு நெருக்குறது. 2012ல ஜெயின் டீம் எலியோட கட்டியை வெளிய எடுத்து, கத்தியால ஆழமா ஒரு கீறல் போட்டாங்க. கீறின இடம் தானா வாயைப் பிளந்துடுச்சு! உள்ள அவ்ளோ அழுத்தம் அடைஞ்சு கிடந்திருக்கு. அதுதான் ரத்தக்குழாயை நசுக்குது. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்சது இதுதான். ஒரு கத்தியை வெச்சே காட்டிட்டாங்க பாருங்க.

அப்ப கொலாஜனைக் குறைச்சா? அதுக்கு அவங்க எடுத்தது லோசார்டான். ஆமா, நம்ம வீட்டுப் பெரியவங்க பிபிக்குப் போடற அதே மாத்திரை. 2013ல எலியில நசுங்கின குழாய் திறந்து, கீமோ நல்லா உள்ள போச்சு. 2019ல கணையப் புற்றுநோய் முத்திப்போய் ஆபரேஷன் பண்ண முடியாம இருந்த 49 பேரோட ரிசல்ட் வந்துச்சு. கீமோ, ரேடியேஷனோட லோசார்டானும் கொடுத்ததுல, நிறைய பேருக்குக் கட்டியை முழுசா வெட்டி எடுக்க முடிஞ்சுது. ஆனா லோசார்டான் இல்லாத ஒரு குரூப்பை ஒப்பிட்டுப் பார்க்கல. அதனால நல்லது நடந்தது இந்த மாத்திரையாலதான்னு இதை வெச்சு சொல்ல முடியாது. கமெண்ட்ல "எங்க அப்பாவுக்குக் கொடுக்கலாமா ப்ரோ"ன்னு கேட்காதீங்க. கீமோல இருக்கறவங்களுக்கு பிபி ஏற்கெனவே இறங்கலாம், உங்க ஆன்காலஜிஸ்டைத்தான் கேட்கணும்.