ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசைன்னா பேக்பைப் மட்டும் தானா? | நேயர் சந்தேகம், விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "ஸ்காட்லாந்துன்னாலே கட்டம் போட்ட கில்ட் கட்டிக்கிட்டு பேக்பைப் ஊதுறவங்களைத்தான் காட்டுறாங்க. அங்க நாட்டுப்புறப் பாட்டு பாடுறவங்களே கிடையாதா? இருந்தா யாரை முதல்ல கேக்கணும்?"

இருக்காங்க. நீங்க சொல்ற அந்த அணிவகுப்பு வாசிப்பு பட்டாளத்துல வளர்ந்தது. வீட்டுலயும் வயக்காட்டுலயும் பாடினது வேற. அதுல பாதிக்கு மேல பக்கவாத்தியமே இருக்காது. ஒத்தைக் குரல், ஒரு நீளமான கதை, அவ்வளவுதான்.

யாரை முதல்ல கேக்கணும்னா நான் யோசிக்காம சொல்ற பேரு ஜீனி ராபர்ட்சன். 1908ல பிறந்தவங்க, அபர்டீன்காரங்க. டிராவலர்னு சொல்ற நாடோடி சமூகம். ஊர் ஊராப் போய் தகரச் சாமான் செஞ்சு வித்து, குதிரை வியாபாரம் பண்ணி, ஆத்துல சிப்பி எடுத்து முத்து தேடி, விளைச்சல் நேரத்துல கூலிக்குப் போய் பொழைச்ச ஜனங்க. ஊருக்குள்ள இவங்களுக்கு மரியாதை கிடையாது. ஆனா அந்த நாட்டோட பழைய கதைப்பாட்டு எல்லாம் இவங்க கிட்டதான் பத்திரமா இருந்துச்சு.

இது ஏன் பெரிய விஷயம்னு சொல்றேன். ஹார்வர்டுல பேராசிரியரா இருந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டுங்கறவர் தொகுத்த 305 கதைப்பாட்டுகள் 1882லேருந்து 1898 வரைக்கும் புத்தகமா வந்துச்சு. பெரும்பாலும் பழைய புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள்லேருந்து. அதோட அந்த மரபு முடிஞ்சு போச்சு, இனிமே அது நூலகத்துலதான்னு படிச்சவங்க நிறைய பேர் நினைச்சாங்க. 1951ல எடின்பரோ பல்கலைக்கழகத்துல ஸ்காட்டிஷ் ஆய்வுகளுக்குன்னு ஒரு துறை ஆரம்பிச்சாங்க. அதுல இருந்த ஹேமிஷ் ஹென்டர்சன் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு கிளம்பிட்டாரு. 1953ல ஜீனி வீட்டுக் கதவைத் தட்டுறாரு. அந்தம்மா உடனே உள்ள விடலையாம். 1411ல நடந்த ஹார்லா போரைப் பத்தின பழைய பாட்டோட முதல் அடிகளை இவர் சொல்லிக் காட்டினப்புறம்தான் கதவு திறந்துச்சுன்னு சொல்லுவாங்க.

அவங்க பாடினதுல 'சன் டேவிட்'னு ஒண்ணு இருக்கு. கத்தியில என்னடா ரத்தம்னு அம்மா மகன் கிட்ட கேக்குறா. குதிரை ரத்தம்ங்கறான். இல்லையேங்கறா. வேட்டை நாய் ரத்தம்ங்கறான். அதுவும் இல்லையேங்கறா. கடைசியில, தம்பியைக் கொன்னுட்டேன்ங்கறான். ஜீனி இதைப் பாடும்போது ஒரு இடத்துலயும் அழுகையைக் கூட்ட மாட்டாங்க. அந்தக் கதையை அவங்க நம்புறாங்க, அதனால நடிக்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்ல. 1968ல பிரிட்டிஷ் அரசாங்கம் எம்.பி.இ. பட்டம் குடுத்துச்சு. நாடோடிப் பெண் ஒருத்தருக்கு, பாட்டுக்காக. 1975ல இறந்துட்டாங்க.

பேக்பைப் பத்திக் கேட்டீங்கல்ல, அதுக்கும் இங்க ஒரு தொடர்பு இருக்கு. ஜீனியோட மக லிஸ்ஸி ஹிக்கின்ஸ். அபர்டீன்ல மீன் வெட்டுற இடத்துல வேலை பாத்தவங்க. அப்பா டொனால்ட் ஹிக்கின்ஸ் பேக்பைப் வாசிக்கிறவர். அதனால லிஸ்ஸி குரல்ல அந்த வாத்தியத்தோட சின்னச் சின்ன உதறல், வெட்டு எல்லாம் அப்படியே விழும். அம்மா பாட்டையும் மக பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க, நான் சொல்றது புரிஞ்சிடும்.

பெர்த்ஷயர்ல பிளேர்கவ்ரின்னு ஒரு ஊரு, ராஸ்பெரி தோட்டங்களுக்குப் பேர் போனது. கோடையில பழம் பறிக்க டிராவலர் குடும்பங்கள் வந்து கூடாரம் போடுவாங்க, ராத்திரி தீ மூட்டிப் பாடுவாங்க. ஹென்டர்சன் அங்கேயும் போனாரு. பதிவு பண்ணவே நேரம் பத்தலையாம். பாடகி பெல் ஸ்டூவர்ட் குடும்பம் அந்த ஊர்தான். பெல்லோட மக ஷீலா, 1982ல போப் இரண்டாம் ஜான் பால் கிளாஸ்கோ வந்தப்ப அவர் முன்னாடி பாடினாங்க. பாடினது என்ன தெரியுமா? நாடோடிகளை எங்க போனாலும் "இடத்தைக் காலி பண்ணு"ன்னு துரத்துறதைப் பத்தின பாட்டு. இடம் பாத்துத்தான் பாட்டை எடுத்திருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

இன்னொரு வகை, பண்ணைக் கூலியாட்கள் பாட்டு. அந்தக் காலத்துல வடகிழக்குப் பக்கம் கல்யாணம் ஆகாத ஆட்களை ஆறு மாச ஒப்பந்தத்துக்குச் சந்தையில வச்சு எடுப்பாங்க, பண்ணையிலயே ஒரு கொட்டகையில தங்க வைப்பாங்க. சாயங்காலம் அங்க உக்காந்து, சோறு சரியில்ல, முதலாளி கஞ்சன், குதிரை கிழடுன்னு பண்ணைப் பேரைச் சொல்லியே பாடுவாங்க. நம்ம நடவுப் பாட்டுல மிராசுதாரைக் கிண்டல் பண்ற மாதிரிதான். ஜிம்மி மக்பெத் பாடிக் கேளுங்க. பண்ணை வேலை பாத்து, அப்புறம் தெருத் தெருவாப் பாடித் திரிஞ்ச மனுஷன். குரல் கரகரன்னு இருக்கும், அதுதான் ருசி.

இதுவரைக்கும் சொன்னது ஸ்காட்ஸ்னு சொல்ற, இங்கிலீஷுக்கு நெருங்கின பேச்சுல உள்ளது. மேற்குத் தீவுகள்ல கேலிக் மொழி, அங்க பாட்டு தனி உலகம். அந்தக் காலத்துல நெஞ்ச கம்பளித் துணியைப் பெண்கள் மேசையைச் சுத்தி உக்காந்து தாளம் தவறாம அடிப்பாங்க. துணி இறுகணும்ல. ஒருத்தங்க அடியெடுத்துக் குடுக்க, மத்தவங்க சேர்ந்து வாங்கிப் பாடுவாங்க. வாத்தியம் இல்லாத நேரத்துல வாயாலேயே நடன மெட்டுப் பாடுற வகையும் உண்டு. பாரா தீவுல பிறந்த ஃப்ளோரா மக்நீல் எடின்பரோவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்துக்கிட்டே பாடினாங்க. 1951ல ஹென்டர்சன் எடின்பரோவுல நடத்துன இசைக்கூட்டத்துல நகரத்து ஜனங்க வாயடைச்சுப் போய்க் கேட்ட பாடகர்கள்ல அவங்களும் ஒருத்தங்க. இப்ப இருக்கறவங்கள்ல நார்த் யூயிஸ்ட் தீவு ஜூலி ஃபவ்லிஸ். இவங்க குரலை உங்கள்ல சில பேர் ஏற்கெனவே கேட்டிருப்பீங்க, 2012ல வந்த 'பிரேவ்' கார்ட்டூன் படத்துல பாடினது அவங்கதான்.

இன்னிக்கு நிலைமை நல்லாத்தான் இருக்கு. 1996லேருந்து கிளாஸ்கோவுல இதுக்குப் பட்டப்படிப்பே இருக்கு. வருஷா வருஷம் ஜனவரியில செல்டிக் கனெக்‌ஷன்ஸ்னு பெரிய விழா அங்க நடக்குது. பிள்ளைங்க பிடில், அக்கார்டியன் எல்லாம் அசாத்தியமா வாசிக்கிறாங்க. சில நேரம் என்ன அவசரமோ, ரயிலைப் பிடிக்கப் போற வேகத்துல வாசிக்கிறாங்கன்னு எனக்கு ஒரு குறை. வேகம் வேண்டாம்னு நினைச்சா, ஷெட்லாண்ட் தீவு அலி பெய்ன் பிடில்ல மெதுவா வாசிச்ச மெட்டுகளைத் தேடுங்க.

கேக்கறதுக்கு டோபர் அன் டுவல்சஷ்னு ஒரு இணையதளம் இருக்கு, 2010ல திறந்தாங்க, இலவசம். நான் சொன்ன பழைய பதிவுகள்ல நிறைய அங்க கிடைக்கும். பாட்டுக்கு நடுவுல இருமல், அடுப்படிச் சத்தம் எல்லாம் வரும், அதுக்காக நிறுத்திடாதீங்க. ஜீனி, அப்புறம் லிஸ்ஸி, அப்புறம் ஃப்ளோரா. இந்த மூணு பேரையும் கேட்டுட்டு, யார் பிடிச்சாங்கன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த கேள்விக்குப் போவோம்.