உப்பைத் தண்ணீரில் போட்டால் அமிலமா, காரமா, நடுநிலையா? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அந்த ஒன்றுக்குள்ளேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சோடியம் அசிட்டேட்டில் ஹைட்ராக்சைடே கிடையாது, அப்புறம் அதன் கரைசல் எப்படிக் காரமாகிறது? வலிமை குறைந்த அமிலமும் வலிமை குறைந்த காரமும் சேர்ந்த உப்பு நடுநிலை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அம்மோனியம் சயனைடு காரம் என்று விடை போட்டிருக்கிறார்கள், எது சரி? ஆய்வகத்தில் சோடியம் குளோரைடு கரைசலை அளந்தோம், பிஎச் 5.8 காட்டியது, 7 தானே வர வேண்டும்?"

மூன்றுமே நல்ல கேள்விகள். (பிஎச் என்பது கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண். சாதாரண வெப்பநிலையில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.) மூன்றாவது கேள்வியைக் கேட்டதற்குத் தனியாகப் பாராட்ட வேண்டும், பலர் மீட்டரில் வேறு எண் வந்தாலும் நோட்டில் 7 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் அந்த நான்கு வரி அட்டவணையைப் பார்ப்போம், எல்லோருக்கும் அதைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வலிமையான அமிலம், வலிமையான காரம் என்றால் நடுநிலை. வலிமையான அமிலம், வலிமை குறைந்த காரம் என்றால் அமிலம். அதையே திருப்பிப் போட்டால் காரம். இரண்டும் வலிமை குறைந்தவை என்றால் நடுநிலை. இதில் முதல் மூன்று வரிகளும் பொதுவாக ஒத்துவரும். நான்காவது வரி தப்பு. அதாவது எப்போதாவது ஒரு உப்புக்குச் சரியாக வரும், அதை வைத்துக்கொண்டு விதியாக எழுதிவிட்டார்கள். உங்கள் நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

எனக்கு அந்த அட்டவணையில் இன்னொரு வருத்தமும் உண்டு. உப்பு எந்த அமிலத்திலிருந்து வந்தது, எந்தக் காரத்திலிருந்து வந்தது என்று அதன் பூர்வீகத்தை மட்டும்தான் அது கேட்கிறது. கரைசலுக்குள் இப்போது அந்த அமிலமும் இல்லை, காரமும் இல்லை. இருப்பது ஒரு நேர் அயனி, ஒரு எதிர் அயனி, சுற்றிலும் ஏராளமான தண்ணீர். அதனால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அயனி தண்ணீரோடு என்ன செய்யும்? இதை நேர் அயனிக்கு ஒரு தடவை, எதிர் அயனிக்கு ஒரு தடவை, தனித்தனியாகக் கேளுங்கள்.

சரி, சோடியம் அசிட்டேட்டுக்கு வருவோம். சோடியம் அயனி தண்ணீரில் சும்மா இருக்கும். அதைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நிற்கும், அவ்வளவுதான், அது யாரிடமும் புரோட்டானை (அதாவது ஹைட்ரஜன் அயனியை) வாங்கவும் செய்யாது, கொடுக்கவும் செய்யாது. அசிட்டேட் அப்படியில்லை. அசிட்டிக் அமிலம் தன் புரோட்டானை அவ்வளவு எளிதாக விடாது, அதனால்தானே அதை வலிமை குறைந்த அமிலம் என்கிறோம். விட மனமில்லாத ஒன்றிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கிவிட்டால், வாய்ப்புக் கிடைக்கும்போது அது இன்னொரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது தண்ணீர். அதனால் அசிட்டேட் தண்ணீரிடமிருந்து ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்கிறது, புரோட்டானை இழந்த தண்ணீர் ஹைட்ராக்சைடு ஆகிறது. ஹைட்ராக்சைடு உப்பிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது. இதைத்தான் உப்பின் நீராற்பகுப்பு என்று சொல்கிறோம். 1923-ல் வேதியியலாளர்கள் பிரான்ஸ்டடும் லௌரியும், ஒருவரை ஒருவர் சார்ந்திராமல், புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்று சொன்னதன் பெரிய லாபமே இதுதான். அவர்களுக்கு முன் அர்ஹீனியஸ் சொன்னபடி ஹைட்ராக்சைடைத் தருவதுதான் காரம் என்று மட்டும் வைத்துக்கொண்டால், உங்கள் கேள்வி வந்தே தீரும்.

எத்தனை அசிட்டேட் இப்படிச் செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் பலருக்குத் தப்பான படம் மனதில் விழுந்துவிடுகிறது. அசிட்டிக் அமிலத்தின் கேஏ, அதாவது அது புரோட்டானை எவ்வளவு எளிதாகக் கொடுக்கிறது என்று காட்டும் எண், 1.8 × 10⁻⁵. நீரின் அயனிப் பெருக்கம், அதாவது தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு இரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் வருவது, 25 டிகிரியில் 1 × 10⁻¹⁴. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அசிட்டேட்டின் கேபி, அதாவது காரமாக அதன் வலிமையைக் காட்டும் எண், கிடைக்கும், 5.6 × 10⁻¹⁰. 0.1 மோலார் கரைசல் எடுத்தால் 0.1-ஐயும் இதையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும், 7.5 × 10⁻⁶ வரும். அதுதான் ஹைட்ராக்சைடின் செறிவு, பிஎச் 8.9. இப்போது 7.5 × 10⁻⁶-ஐ 0.1-ஓடு வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 13,000 அசிட்டேட் அயனிகளில் ஒன்றுதான் புரோட்டானைப் பிடித்திருக்கிறது! மற்ற எல்லாம் அசிட்டேட்டாகவே மிதந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சுத்தமான தண்ணீரில் ஹைட்ராக்சைடு 10⁻⁷ தான், அதோடு ஒப்பிட்டால் இது 75 மடங்கு. தண்ணீரில் ஏற்கெனவே இருப்பது அவ்வளவு குறைவு என்பதால், 13,000-ல் ஒன்று வேலை செய்தாலே பிஎச் கிட்டத்தட்ட இரண்டு ஏறிவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், "வலிமை குறைந்த அமிலத்தின் இணை காரம் வலிமையான காரம்" என்று ஒரு வாக்கியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. (இணை காரம் என்றால் அமிலம் புரோட்டானைக் கொடுத்தபின் மிஞ்சுவது.) அது சரியில்லை. அசிட்டேட்டும் வலிமை குறைந்த காரம்தான், 5.6 × 10⁻¹⁰ என்பதை யாரும் வலிமை என்று சொல்ல முடியாது. சரியாகச் சொன்னால், அமிலத்தின் வலிமை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அதன் இணை காரத்தின் வலிமை கூடும், கேஏ, கேபி இரண்டையும் பெருக்கினால் 25 டிகிரியில் எப்போதும் 10⁻¹⁴ வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு கேஏ மிகப் பெரியது, அதனால் குளோரைடின் கேபி கணக்கில் எடுக்கவே முடியாத அளவுக்குச் சின்னது. அதனால்தான் குளோரைடு சும்மா இருக்கிறது.

அம்மோனியம் குளோரைடு இதற்கு நேர் எதிர். குளோரைடு சும்மா இருக்கும், அம்மோனியம் தன் புரோட்டானைத் தண்ணீருக்குக் கொடுக்கும். அம்மோனியாவின் கேபி-யும் தற்செயலாக அதே 1.8 × 10⁻⁵ தான், அதனால் கணக்கும் அதேதான், 0.1 மோலாரில் பிஎச் 5.1.

இப்போது இரண்டாவது கேள்வி, அம்மோனியம் சயனைடு. இங்கே இரண்டு அயனிகளுமே சும்மா இருக்காது. அம்மோனியம் புரோட்டானைக் கொடுக்கும், சயனைடு வாங்கும். யார் கை ஓங்குகிறது என்று பார்த்தால் போதும். அம்மோனியத்தின் கேஏ 5.6 × 10⁻¹⁰. ஹைட்ரோசயனிக் அமிலத்தின் கேஏ சுமார் 6 × 10⁻¹⁰, அப்படியென்றால் சயனைடின் கேபி சுமார் 1.6 × 10⁻⁵. ஒன்று மைனஸ் 10-ல் இருக்கிறது, இன்னொன்று மைனஸ் 5-ல் இருக்கிறது, போட்டியே இல்லை. கரைசல் காரம், பிஎச் 9.2-க்குப் பக்கத்தில் வரும். ஆக உங்களுக்குக் கொடுத்த விடைதான் சரி. (இது கொடிய விஷம், கரைசலிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு ஆவியாக வெளியே வரும், தாளில் கணக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அதே அம்மோனியத்தோடு ஃபுளூரைடைச் சேர்த்துப் பாருங்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் கேஏ சுமார் 7 × 10⁻⁴, அதனால் ஃபுளூரைடின் கேபி 1.5 × 10⁻¹¹ தான் வரும், அம்மோனியத்தின் கேஏ இதைவிடப் பெரியது, கரைசல் லேசான அமிலம், பிஎச் 6.2. அசிட்டேட்டைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் ஒரே எண், அதனால் அம்மோனியம் அசிட்டேட் 7-ல் நிற்கிறது. உங்கள் நோட்டில் இருந்த அந்த நான்காவது வரி பிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லாப் புத்தகத்திலும் உதாரணம் அம்மோனியம் அசிட்டேட்தான், அங்கே எண்கள் சமமாக அமைந்தது அந்த இரண்டுக்கும் மட்டும் உள்ள பொருத்தம், அதைப் பார்த்து எல்லா உப்புக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தேர்வில் நேரமில்லையென்றால் வகுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தாய் அமிலத்தின் கேஏ-யையும் தாய்க் காரத்தின் கேபி-யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், எது பெரியதோ கரைசல் அந்தப் பக்கம். எண்களே கொடுக்கவில்லையென்றால் அந்த வகை உப்பைக் கேட்டிருக்கவே கூடாது, அது கேள்வியின் குறை. மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரு சின்னப் பட்டியல்தான்: வலிமையான அமிலங்கள் என்றால் ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், பெர்குளோரிக், சல்ஃபியூரிக். வலிமையான காரங்கள் என்றால் முதல் தொகுதி உலோகங்களின் ஹைட்ராக்சைடுகள், அப்புறம் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். இதில் இல்லாததெல்லாம் வலிமை குறைந்தது என்று வைத்துக்கொண்டால் பள்ளி அளவில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு உண்டு, கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஒன்று அலுமினியம் குளோரைடு. அலுமினியம் அயனியில் ஹைட்ரஜனே இல்லை, அது எப்படிப் புரோட்டான் கொடுக்கும்? அந்த அயனி தனியாக இல்லை, ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் அதை ஒட்டி நிற்கின்றன. அயனி சின்னது, மின்சுமையோ மூன்று. அது ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்து புரோட்டான் எளிதாகக் கழன்றுவிடுகிறது. இதன் கேஏ 10⁻⁵ அளவில் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய அசிட்டிக் அமிலத்துக்குச் சமம். 0.1 மோலார் கரைசலின் பிஎச் 3-ஐ ஒட்டி வரும். மூன்று மின்சுமையுள்ள இரும்பு இன்னும் வலிமையானது. ஃபெரிக் குளோரைடு கரைசல் தயாரிக்கும்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? விடாமல் வைத்தால் நீராற்பகுப்பு நடந்து நடந்து செம்பழுப்பாகக் கலங்கிவிடும்.

இரண்டாவது, பெயரிலேயே ஹைட்ரஜன் இருக்கிற உப்புகள். ஹைட்ரஜன் இருக்கிறது, எனவே அமிலம் என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பவர்கள் அதிகம். சோடியம் பைசல்ஃபேட் (சோடியம் ஹைட்ரஜன் சல்ஃபேட்) அமிலம்தான், 0.1 மோலாரில் பிஎச் 1.5 வரை இறங்கும், அதற்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். சோடியம் பைகார்பனேட் (சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்) கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். கொடுக்கும் பக்கம் 4.7 × 10⁻¹¹, வாங்கும் பக்கம் 2.3 × 10⁻⁸, வாங்குவது ஜெயிக்கிறது, பிஎச் 8.3. பாஸ்பேட் உப்புகளுக்கும் இதே மாதிரிதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி, 5.8. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. உப்பும் தப்புச் செய்யவில்லை, காற்றுதான் காரணம். காய்ச்சி வடித்த தண்ணீரைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகும், வெறும் தண்ணீரே 5.6 வரை இறங்கிவிடும். சோடியம் குளோரைடுக்கு அதைத் திருப்பிப் பிடித்து நிறுத்தும் சக்தி கிடையாது, அது இரண்டு பக்கமும் சும்மா இருக்கும் உப்பு அல்லவா. அதனால் நீங்கள் அளந்தது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடைத்தான்.

மறுபடியும் செய்து பாருங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சில நிமிடங்கள் நன்றாகக் கொதிக்க விட்டு, மூடியே ஆற வையுங்கள், முழுவதும் ஆறட்டும், ஏனென்றால் சூட்டில் நடுநிலை என்பதே 7 கிடையாது, 60 டிகிரியில் அது 6.5. ஆறிய தண்ணீரில் மூன்று சோதனைக் குழாய்களில் சோடியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு, சோடியம் அசிட்டேட் மூன்றையும் கரையுங்கள். லிட்மஸ் வேண்டாம், இந்த அளவு வித்தியாசத்தை அது மழுப்பிவிடும். புரோமோதைமால் புளூ இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விடுங்கள், அது 6-க்குக் கீழே மஞ்சள், 7.6-க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. அம்மோனியம் குளோரைடு மஞ்சளாகும், அசிட்டேட் நீலமாகும், சோடியம் குளோரைடு குழாய் பச்சையாக நிற்க வேண்டும். நின்றபிறகு ஒரு குழலை அந்தப் பச்சைக் குழாய்க்குள் விட்டு மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள். உங்கள் மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு போதும், பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாவது கண்ணெதிரே தெரியும். நீலக் குழாயிலும் அதேபோல ஊதி, எதில் நிறம் சீக்கிரம் மாறுகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.