செவப்பு வயரு மட்டும் ஏன் உருகிச்சு? எனக்க பிசி கரிஞ்ச கதை

வணக்கம் மக்களே. திங்கள்சந்தையில எங்க வீட்டு மேல் ரூம்ல இருந்து பேசுகேன். பின்னால இரைச்சல் கேட்டா அது மழை, ரெண்டு நாளா விட்ட பாடில்ல. நேரா விஷயத்துக்கு வருகேன். இன்னா, இதப் பாருங்க. கேமராவுக்குக் கிட்ட காட்டுகேன். ஹார்டு டிஸ்குக்குப் போற சாட்டா பவர் கேபிள் இது. மஞ்ச வயரு புதுசு போல கெடக்கு, கண்டீங்களா? இப்ப செவப்பு வயரப் பாருங்க. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் தோலு உருகி, உள்ள இருக்க செம்பு தெரியுகு. பக்கத்துல உள்ள கருப்பும் அதோட ஒட்டிப் பிடிச்சிருக்கு.

என்ன நடந்துச்சுன்னு இந்த ஒரு வயருதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அதனாலதான் குப்பையில போடாம எடுத்து வச்சிருக்கேன்.

பழைய ஆளுகளுக்குத் தெரியும், நான் கல்யாண வீடியோவும் கோயில் திருவிழா வீடியோவும் எடிட் பண்ணுகவ. இந்த பிசி நானே ஒவ்வொரு பாகமா வாங்கிச் சேத்தது. அதுல 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு கெடந்துச்சு, செவத்துக் கரண்ட பிசிக்குத் தேவையான சின்ன வோல்ட்டா மாத்திக் குடுக்குற பெட்டி. புதுசா கிராபிக்ஸ் கார்டு போடணும்னு 650 வாட் வாங்கினேன். ரெண்டுமே மாடுலர். அப்படின்னா வயரு பெட்டியோட ஒட்டியிருக்காது, தேவையான கேபிள மட்டும் நாமளே சொருகிக்கிடலாம். பழைய ஹார்டு டிஸ்கு கேபிள கேபினெட்டுக்குப் பின்பக்கம் ஒதுக்கி, டேக் போட்டு, அழகா கட்டி வச்சிருந்தேன். அத அவுக்க மனசு வரல. மதர்போர்டு கேபிளும் பிராசசர் கேபிளும் புதுசு போட்டேன், இத மட்டும் அப்படியே விட்டு, முனைய புது எஸ்எம்பிஎஸ்ல சொருகினேன். ஆறு பின் பிளக்கு. கரெக்டா போய் உக்காந்துச்சு, கிளிக்குன்னு சத்தமும் கேட்டுச்சு.

சுவிட்ச் போட்டேன். ஃபேன் சுத்துச்சு. அக்கா மவன் பக்கத்துல நின்னான். "சித்தி, கரிஞ்ச மணம் அடிக்கு"ன்னான். நான் மானிட்டரப் பாத்துட்டு நிக்கேன், அவன்தான் பின்பக்கம் புகையக் கண்டான். செவத்து சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்கப் புடுங்கிட்டேன். இதுல ஒண்ணு முக்கியமா சொல்லணும். அந்த நேரத்துல கேபினெட் பட்டன அமுக்கிட்டு நிக்காதீங்க, நேரா செவத்து சுவிட்ச்தான். பின்ன ஜன்னலத் தொறங்க. வயருக்க தோலு பிவிசி, அது கரிஞ்சா வாற புகையில அமிலம் உண்டு, மூக்கும் தொண்டையும் எரியும். பிள்ளைகள உடனே வெளிய அனுப்புங்க.

அதுக்கு முந்தின ராத்திரி நல்ல இடி. அதனால வீட்டுல எல்லாரும் "இடி வாங்கிட்டு"ன்னு முடிவே பண்ணிட்டாங்க. அம்மைக்கு அதுல சந்தேகமே இல்ல. நானும் நம்பி ஒரு நாள வீணாக்கினேன். எலக்ட்ரீஷியன் அண்ணன வரச் சொல்லி போர்டு முழுக்கப் பாத்தாச்சு. எர்த் நல்லா இருக்கு. ஃபிரிட்ஜ், டிவி, நெட் ரூட்டர், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. அன்னேரம்தான் உக்காந்து யோசிச்சேன். இடியோட அடி கரண்டு லைன் வழியா வரணும், இல்லன்னா நெட் கேபிள் வழியா வரணும். அப்படி வந்தா எஸ்எம்பிஎஸ்சோட வாசல்லயோ நெட்வொர்க் போர்ட்லயோ காயம் இருக்கணும். கேபினெட்டுக்கு உள்ள ஹார்டு டிஸ்குக்குப் போற ஒத்தைக் கேபிள மட்டும் இடி தேடிப் பிடிச்சு எரிக்காது.

இப்ப இந்தச் செவப்பு வயருக்கு வருவோம். எஸ்எம்பிஎஸ் வயருல மஞ்ச 12 வோல்ட், செவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கருப்பு கிரவுண்ட், அதாவது கரண்டு திரும்பிப் போற வயரு. ஹார்டு டிஸ்கு மோட்டார் சுத்துறது 12 வோல்ட்ல. போர்டுல உள்ள சிப்பு எல்லாம் 5 வோல்ட்ல ஓடும். மோட்டார் கிளம்புற நேரம்தான் அதிகமா கரண்டு இழுக்கும், அதனால உருகணும்னா மஞ்ச உருகியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். அது சும்மா கெடக்க, சாதுவான 5 வோல்ட் வயரு ஏன் முழு நீளமும் வெந்து கெடக்கு?

முழு நீளமும்னு சொன்னேன் பாருங்க, அதத்தான் நீங்க கண்ணு வச்சுப் பாக்கணும். குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கம் இருந்து பாக்கியவங்களுக்கு இது ரொம்ப உதவும். கடல் காத்துல உப்பு இருக்கதால பின்னுல பச்சை பூக்கும். லூசான பின், களிம்பு பிடிச்ச பின்னுன்னா அந்த இடத்துல மட்டும் தடை கூடிப் போகும், சூடும் அந்த இடத்துலதான். பிளக்கு பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கும், வயரு ஒரு இஞ்சு தள்ளி நல்லா இருக்கும். மோலெக்ஸ்ங்கிற பழைய நாலு பின் பிளக்குல இருந்து சாட்டாவுக்கு மாத்துற, அச்சுல வார்த்த அடாப்டர் எரியுறதும் அப்படித்தான், முனையிலதான் தொடங்கும். ஆனா வயரு ஆதியோட அந்தம் ஒரே போல வெந்திருந்தா, அந்த வயருல தாங்காத அளவு கரண்டு ஓடியிருக்குன்னு அர்த்தம். கனெக்டரக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

சரி, கரண்டு எங்க இருந்து வந்துச்சு? மல்டிமீட்டர கன்டினியூட்டி பீப்புல வச்சேன், ரெண்டு முனைக்கும் நடுவுல இணைப்பு இருந்தா பீப் அடிக்கும். ஒரு பேப்பர் எடுத்து, எனக்க பழைய கேபிளுக்க ஆறு பின்னையும் கட்டம் போட்டு வரைஞ்சேன். எஸ்எம்பிஎஸ் பக்கத்து ஒவ்வொரு பின்னுலயும் ஒரு முனை, மறுபக்கத்து சாட்டா பிளக்குல இன்னொரு முனை. பீப் அடிக்கிறத எழுதிட்டே போகணும். பின்ன புது எஸ்எம்பிஎஸ்சோட வந்த கேபிளையும் அதே போல வரைஞ்சேன். இன்னா ரெண்டு பேப்பரும். பக்கத்துல வச்சுப் பாருங்க. பழசுல 5 வோல்ட் இருக்க மூலையில, புதுசுல 12 வோல்ட். பழசுல 12 இருக்க இடத்துல புதுசுல 5. பிளக்கு ஒரே அளவு, ஒரே கிளிப்பு, உள்ள வரிசை மட்டும் வேற.

இதுக்குக் காரணம் சொல்லுகேன். ஏடிஎக்ஸ்ங்கிற அளவுகோல இன்டெல் கம்பெனி 1995-ல கொண்டு வந்துச்சு. மதர்போர்டுக்குப் போற முனை, டிஸ்குக்குப் போற முனை எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. ஆனா மாடுலர் கேபிள் எஸ்எம்பிஎஸ் பெட்டியில சொருகுற முனைக்கு அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்ல. ஒவ்வொரு கம்பெனியும் அதுக்க இஷ்டப்படி பின்ன அடுக்கும். ஒரே கம்பெனியில ரெண்டு மாடலுக்குள்ளயே மாறும். பிளக்கு உள்ள போகுதுங்கிறதுக்காக அது அதுக்க கேபிள்னு ஆகிடாது. இது எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா அதே கேபிள்ல கெடந்த ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுத்துற பாகம் இல்லாத டிஸ்கு, மிஞ்சியிருக்கும்.

ஆமா, டிஸ்குக்குள்ள 5 வோல்ட் போக வேண்டிய வாசல்ல 12 வோல்ட் போயிருக்கு. அங்க டிவிஎஸ் டையோடுன்னு ஒரு குட்டிப் பாகம் காவலுக்கு நிக்கும். வோல்டேஜ் கூடிப் போனா அது தன்ன ஷார்ட் ஆக்கி, வாற கரண்டையெல்லாம் கிரவுண்டுக்குத் தள்ளிவிடும். அப்படித்தான் செவப்பு வயரும் கருப்பு வயரும் வெந்துச்சு. எஸ்எம்பிஎஸ் ஏன் தானா கட் ஆகலன்னு கேப்பீங்க. நேரடி ஷார்ட்டுன்னா பெரும்பாலும் கட் ஆகும். 650 வாட்ட 12-ஆல வகுத்துப் பாருங்க, 54 ஆம்பியர் வருகு. அத்தனையும் ஒரே லைன்ல குடுக்க முடியுற பெட்டிக்கு, கொஞ்சம் தடையோட நடக்க ஷார்ட்டு சாதாரண லோடு போலத்தான் தெரியும். அது பாட்டுக்குக் குடுத்துட்டே இருக்கும், மெல்லிசான வயருதான் தாங்காது.

அடுத்தது, மிச்சம் எது உயிரோட இருக்குன்னு பாக்க வேண்டிய சோலி. எல்லாத்தையும் கழத்திட்டு முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் சோதிச்சேன். மதர்போர்டுக்குப் போற 24 பின் பிளக்குல பச்சை வயரையும் ஒரு கருப்பையும் சின்னக் கம்பியால இணைச்சா அது தனியா ஓடும். புது கேபிளெல்லாம் முழுக் கருப்பு, அதனால மேனுவல்ல படம் பாத்து பின்ன எண்ணி உறுதி பண்ணாம கம்பி வைக்காதீங்க. 12 வோல்ட் லைன் 11.4-ல இருந்து 12.6-க்குள்ள இருக்கணும், 5 வோல்ட் 4.75-ல இருந்து 5.25, 3.3 வோல்ட் 3.14-ல இருந்து 3.47. எனக்கு 12.11, 5.04, 3.32. கொள்ளாம். ஆனா இது லோடு இல்லாத கணக்கு, இத வச்சு முழுசா நம்பிடக் கூடாது. என்ன ஆனாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியத் தொறக்காதீங்க. உள்ள உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கப் புடுங்கின பிறவும் கொஞ்ச நேரம் அது அங்கதான் இருக்கும்.

பின்ன மதர்போர்டு. கரண்டு குடுக்க முன்ன, அதுல உள்ள 24 பின் சாக்கெட்லயும் பிராசசர் சாக்கெட்லயும் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல பீப் அடிக்குதான்னு பாத்தேன். அடிக்கல. போர்ட வெளிய எடுத்து அதுக்க அட்டைப் பெட்டி மேல வச்சேன். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பிராசசர்லயே டிஸ்ப்ளே உண்டு. பவர் சுவிட்ச் பின் ரெண்டையும் ஸ்குரூ டிரைவரால தொட்டேன். எனக்க போர்டு ஓரத்துல நாலு குட்டி விளக்கு உண்டு, சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட்டு (டிஸ்குல இருந்து தொடங்குறது)ன்னு. எது அணையாம நிக்குதோ அங்கதான் கோளாறு. எனக்கு ஒவ்வொண்ணா எரிஞ்சு அணைஞ்சு, ஸ்கிரீன்ல பயாஸ், அதாவது போர்டுக்க சொந்த செட்டிங் திரை, வந்துச்சு. அம்மையக் கூப்பிட்டுக் காட்டினேன். போர்டுலயே நேரா சொருகுற எம்.2 எஸ்எஸ்டிக்கும் ஒண்ணும் ஆகல. அது போர்டுல இருந்தே 3.3 வோல்ட் எடுக்கும், இந்த நாசமாப் போன கேபிளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சாட்டா எஸ்எஸ்டி போச்சு. அது முழுக்க 5 வோல்ட்ல ஓடுறது, 12 வாங்கினா தாங்காது. ஹார்டு டிஸ்குலதான் எனக்க உயிரே கெடந்துச்சு. குடுக்காத ரெண்டு கல்யாணம், முழு ஃபுட்டேஜ். ராத்திரி உறங்கல நான். அதுல ஒரு கல்யாண வீட்டு அக்காவுக்கு போன் பண்ணி உள்ளத உள்ளபடி சொன்னேன். "பைய பாரு மோளே, பதறாத"ன்னாங்க. அந்த வார்த்தைய நான் மறக்க மாட்டேன்.

டிஸ்குக்க போர்டுல பவர் பிளக்குக்குப் பக்கத்துல ரெண்டு டையோடு இருக்கும், ஒண்ணு 12-க்கு, ஒண்ணு 5-க்கு. 5 வோல்ட் டையோடுல மீட்டர் வச்சா ரெண்டு பக்கமும் பீப். ஷார்ட் ஆகி நிக்கு. தக்கலையில மொபைல் சர்வீஸ் பண்ணுற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன், ஹாட் ஏர் வச்சு அந்த ஒண்ண மட்டும் எடுத்துத் தந்தாரு. காவல்காரன் செத்துத்தான் வீட்டக் காப்பாத்தியிருக்கான். சரியான கேபிள்ல போட்டா டிஸ்கு சுத்துச்சு. எப்பவும் இப்படி ஆகும்னு நினைக்காதீங்க. மோட்டார் சிப்பு வரைக்கும் அடி போயிருந்தா இது நடக்காது. அதே மாடல் போர்டு வாங்கி மாத்தினாலும், பழைய போர்டுல உள்ள சின்ன ரோம் சிப்பையும் மாத்தி ஒட்டணும், அந்த டிஸ்குக்குன்னு உள்ள கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு. டேட்டா ரொம்ப முக்கியம்னா நீங்களா கை வைக்காம ரெக்கவரி பண்ணுறவங்ககிட்ட குடுங்க. இப்ப எனக்க டிஸ்குல காவல் இல்ல, அதனால ஒரு தடவை காப்பி எடுத்துட்டு ஓய்வு குடுத்துடணும்.

கேபிள் டப்பா வச்சிருக்கவங்க இன்னைக்கே செய்யுங்க: எந்த எஸ்எம்பிஎஸ்சோடதுன்னு மாஸ்க்கிங் டேப் ஒட்டி மாடல் பேர எழுதுங்க. எதுக்குள்ளதுன்னு தெரியாத கேபிள யாருக்கும் குடுக்காதீங்க, நீங்களும் போடாதீங்க. செகண்ட் ஹேண்ட்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினா அதுக்க சொந்தக் கேபிளக் கேட்டு வாங்குங்க, இல்லன்னா அந்தப் பெட்டி வேண்டாம். நான் பழசுக்க கேபிள் ஒக்க ஒரு பைல கட்டி, அந்தப் பழைய பெட்டி மேலேயே ஒட்டி வச்சிட்டேன். அக்கா மவன்தான் டேப்புல எழுதினான்.

இப்ப அந்த ஹார்டு டிஸ்குல இருந்து காப்பி ஓடிட்டு இருக்கு. 900 ஜிபி இருக்கு, ரெண்டு மணிக்கூருக்குக் கிட்ட ஆகும். இன்னா, 64 சதவீதம் காட்டுகு. முதல் கல்யாணத்துக்க ஃபோல்டர் முழுசா வந்தாச்சு, தாலி கட்டுற கிளிப்ப ஓட விட்டுப் பாத்தேன், சத்தமும் இருக்கு. ரெண்டாவது இப்பதான் தொடங்குகு. இடி கிட்ட வருகு, நெட் கேபிளக் கழத்தப் போறேன்.