முதல் ஐந்து நாளை வீணாக்காதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் அதைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி முடிந்துவிட்டதாகச் சொன்னது அவசரநிலையை மட்டும்தான், 2025 மே, ஜூனில்கூட நம் நாட்டில் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போனது. இளவட்டங்களுக்குப் பெரும்பாலும் நாலு நாள் காய்ச்சலோடு முடிந்துவிடும். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு என்று எல்லாம் சேர்ந்திருக்கிற எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அப்படி முடியும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அவருக்காகத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், மலேசியாவில். அத்தனை பெரிய வீட்டில் ஐயாவும் அப்பத்தாவும் மட்டும், சில வீட்டில் அப்பத்தா மட்டும். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபது எண்பதுக்குச் செய்யும் சாந்தி என்றால் எல்லாரும் வந்து இறங்குகிறார்கள், வீட்டு வளவு நிறைய ஆள், பந்தி மேல் பந்தி, ரொம்பச் சந்தோஷம். பிறகு அவரவர் ரயிலையும் விமானத்தையும் பிடித்துப் போய்விடுகிறார்கள், அப்பத்தாவுக்குத் தொண்டை கரகரக்க ஆரம்பிப்பது அதற்கு அப்புறம்தான். சுக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று மூன்று நாள், இதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பதற வைக்க வேண்டாம் என்று இன்னும் இரண்டு நாள், இப்படியே ஐந்து நாள் ஓடிவிடுகிறது. கொரோனா வைரசுக்கு எதிரான மாத்திரையைத் தொடங்க வேண்டிய கெடுவும் அந்த ஐந்து நாள்தான்.

ஏன் ஐந்து நாள்? வைரஸ் உடம்பில் வேகமாகப் பெருகுவது முதல் சில நாள்களில். அதைத் தடுக்கிற மருந்து அப்போது கொடுத்தால்தான் பயன். ஒரு வாரம் கழித்து மூச்சுத் திணறி வருகிறவருக்கு நுரையீரலைப் புண்ணாக்கிக் கொண்டிருப்பது பெரும்பாலும் அவர் உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தி. அதற்கு வைத்தியம் வேறு, இடமும் வேறு, அது ஆஸ்பத்திரி.

அதனால் காய்ச்சலோ இருமலோ தொண்டை வலியோ வந்த அன்றைக்கே பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆன்டிஜென் கிட்டில் ஸி என்ற கோட்டோடு டி என்ற கோடும் வந்தால், அது மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். ஸி கோடே வரவில்லை என்றால் அந்தக் கிட் வீண், வேறொன்றில் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள், முதல் நாளில் அது தவறவிடுவது சகஜம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், வயதானவர் என்றால் காத்திருக்காமல் லேபில் ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். குணமான பிறகு நெகட்டிவ் வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பிசிஆர் எடுக்கத் தேவையில்லை, நோய் போன பிறகும் வாரக்கணக்கில் அது பாசிட்டிவ் காட்டலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் டெங்குவையும் சேர்த்துப் பாருங்கள். மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து மூடாமல் வைக்கிற வீடு இன்னும் நிறைய இருக்கிறது. எது என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். வலி மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள், டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

சரி, பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நிர்மாட்ரெல்விரும் ரிட்டோனவிரும் சேர்ந்த மாத்திரை இருக்கிறது, ஐந்து நாள் சாப்பிட வேண்டும். இதில் ரிட்டோனவிர் செய்கிற வேலை, மருந்துகளைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுப்பது. அதனால் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற சில மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினைப் பெரும்பாலும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், பிரஷருக்கான அம்லோடிபினின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் சில மாத்திரைகளோடு இது சேரவே சேராது. சிறுநீரகம் பழுதென்றால் அளவே மாறும். இதையெல்லாம் நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், டாக்டர் செய்வார். ஆனால் நீங்கள் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே! வெள்ளை மாத்திரை ஒன்று, சின்னச் சிவப்பு ஒன்று என்று சொன்னால் யாரால் வைத்தியம் பார்க்க முடியும்? அந்த ஐந்து நாள் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, முதல் ஏழு நாளுக்குள் தொடங்கினால், ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை மூன்று நாள் ஊசியாகப் போடலாம்.

இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். 2020-இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றியது உண்மை, ஆனால் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான், தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. 2021-இல் கரும்பூஞ்சை வந்து கண்ணைப் பறிகொடுத்தவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அஸித்ரோமைசின், ஐவர்மெக்டின் இரண்டும் கொரோனாவுக்குப் பலன் தரவில்லை என்று பெரிய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். கபசுரக் குடிநீர் குடிக்கிறேன் என்றால் குடியுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், அதைக் குடிப்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தக் கருவி உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், எனவே 95 காட்டுகிறது என்றாலும் நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் மூச்சைத்தான் நம்புங்கள். நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, பெரியவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவது, சாப்பிடாமல் எந்நேரமும் தூங்குவது, இதில் எதைக் கண்டாலும் மகனுக்குப் போன் போடுவதற்கு முன்னால் 108-க்குப் போடுங்கள்.

தடுப்பூசியைப் பற்றிக் கேட்காத வீடே இல்லை. ஊசி போட்டதால்தான் இளைஞர்கள் திடீர் திடீரென்று சாகிறார்கள் என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைத்தான் ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரை, அதே ஊர்களில் உயிரோடு இருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டார்கள். ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் அப்படி ஒரு திடீர் மரணம், அளவுமீறிய குடி, இறப்பதற்குச் சற்று முன் செய்த கடும் உடற்பயிற்சி, இவைதான் ஆபத்தைக் கூட்டின. கோவிஷீல்டு ஊசியால் ரத்தம் உறையும் பக்கவிளைவு உண்டா என்றால் உண்டு, மிக மிக அரிது, அதுவும் போட்ட சில வாரங்களுக்குள். 2021-இல் போட்டுவிட்டு இன்றைக்கு அதற்காக ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டாம்.

பழைய ஊசியின் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே வரும் என்பதும் உண்மை. வயதானவர்களும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் 6 முதல் 12 மாத இடைவெளியில் மறுபடி போடுவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் யோசனை. எந்த ஊசி கிடைக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிங்கப்பூருக்குப் பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம், அங்கே 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். போகிற கையோடு ஃபுளூ ஊசியையும் கேட்டுவிடுங்கள்.

அதோ அந்த மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். இப்போதே போய் உங்கள் பெயர், வயது, சாப்பிடுகிற மாத்திரைகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கடைசியாகப் பார்த்தபோது இருந்த அளவு, உள்ளூரில் கூப்பிட்டால் வரக்கூடிய ஓர் ஆளின் எண், எல்லாம் எழுதுங்கள். எழுதக் கண் தெரியாதவர்களுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டு வந்திருக்கிற ஆச்சிமார்கள் முதலில் வாருங்கள்.