ஓடுகிற நிரலில் என்ன சொல்லித்தருவது? புல் ரிக்வெஸ்டில் ஒரு பைத்தான் பாடம்

[திரையில்: சில வரிகளே உள்ள ஒரு பைத்தான் ஃபங்ஷன்]

வணக்கம். பைத்தான் படிக்கத் தொடங்கிய மாணவர் ஒருவர் எழுதக்கூடிய நிரல் இது. மதிப்பெண்கள் உள்ள லிஸ்டை வாங்குகிறது, கூட்டுகிறது, லிஸ்டின் நீளத்தால் வகுத்துச் சராசரியைத் தருகிறது. ஓடுகிறது, விடையும் சரி. முழு மார்க் போட்டுவிடலாம்தான். ஆனால் லிஸ்ட் காலியாக வந்தால்? பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்து நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இதை மாணவரிடம் எப்படிச் சொல்வது? ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை விட நல்ல வழி இருக்கிறது. ஐடி கம்பெனிகளில் தினமும் நடக்கும் கோட் ரிவியூவையே, அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வதையே, பாடமாக்கலாம்.

[திரையில்: கிட்ஹப் ரெப்போ]

ஏற்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 2020 முதல் இலவசக் கணக்கிலேயே பிரைவேட் ரெப்போவில் (அனுமதித்தவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய நிரல் கிடங்கில்) எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். மாணவரின் தப்புகள் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை. அவர் மெயினில் (முதன்மைப் பிரதியில்) நேரடியாக எழுதாமல், தனி பிராஞ்சில் (கிளைப் பிரதியில்) எழுதி புல் ரிக்வெஸ்ட், அதாவது "என் மாற்றத்தைப் பார்த்து மெயினில் சேருங்கள்" என்ற கோரிக்கை, திறக்கட்டும். அவ்வளவுதான்.

[திரையில்: வகுத்தல் வரிக்குக் கீழே கமென்ட் பெட்டி]

இப்போது அந்த வகுத்தல் வரியிலேயே கமென்ட் எழுதுகிறோம். "காலி லிஸ்டைச் சரிபார்க்கவில்லை" என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். "இந்த லிஸ்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் இந்த வரி என்ன செய்யும்? ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஓட்டிப் பார்ப்பார், எரர் வரும், பெரும்பாலும் "காலியாக இருந்தால் 0 திருப்பு" என்று ஒரு இஃப் (if) நிபந்தனை சேர்த்து அடுத்த கமிட்டை (சேமித்த மாற்றத்தை) அனுப்புவார்.

இத்துடன் விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் சுவாரசியமான இடமே இதுதான். எல்லோரும் பூஜ்ஜியம் வாங்கினாலும் சராசரி 0, ஒருவருமே பரீட்சை எழுதாவிட்டாலும் 0. இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுபவருக்கு இரண்டும் எப்படி வேறுபடும்? அதே கமென்ட் தொடரில் இதைக் கேளுங்கள். பைத்தானோடு வரும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாட்யூலில் சராசரி காணும் mean ஃபங்ஷனுக்குக் காலி லிஸ்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது எண் எதையும் தராது, எரர்தான் எழுப்பும். ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று மாணவர் தன் சொற்களில் எழுதட்டும். வெறும் வகுத்தல் கணக்காகத் தொடங்கியது இப்போது நிரல் வடிவமைப்புப் பாடமாகிவிட்டது. முதல் நிரல், கேள்வி, பதில், திருத்தம் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே வரிசையாக இருக்கும்.

[திரையில்: ரிவியூ பொத்தான்கள்]

இரண்டு பொத்தான்கள் பற்றி. ஒவ்வொரு கமென்டையும் உடனுக்குடன் அனுப்பினால் மாணவருக்கு அறிவிப்பு மேல் அறிவிப்பு போகும், பாவம். "ஸ்டார்ட் எ ரிவியூ" அழுத்தினால் எல்லாம் உங்களிடமே காத்திருக்கும். எழுதி முடித்து ஒருமுறை படித்து, பாதியை அழித்துவிட்டு, மொத்தமாக அனுப்பலாம். அப்புறம், திருத்திய வரியை நீங்களே எழுதிக் கொடுக்கும் "சஜஷன்" வசதி. வேலை செய்யும் இடத்தில் நேரம் மிச்சம். வகுப்பில் அதைத் தொடாதீர்கள்; மாணவர் ஒரே கிளிக்கில் ஏற்றுக்கொண்டு போய்விடுவார், யோசித்தது நீங்கள் மட்டும்தான்.

இடைவெளி, வரி நீளம், பயன்படாத இம்போர்ட் பற்றியெல்லாம் மனிதர் பேச வேண்டியதில்லை. பிளாக், ரஃப் மாதிரி கருவிகளை முதலில் ஓட்டச் சொல்லிவிடுங்கள்.

[திரையில்: ஒரு நிரல் துண்டு, அதற்குப் பல கமென்டுகள்]

சரி, வகுப்பில் அறுபது பேர் இருந்தால்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதற்கென்றே சீசர் என்ற கருவியைச் செய்தார்கள். மாணவர்களின் நிரலைச் சிறு துண்டுகளாக்கி, சக மாணவர்கள், பழைய மாணவர்கள், ஆசிரியர் குழு என்று பலருக்கும் பிரித்து அனுப்பியது. அந்தக் கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம்: ஒவ்வொருவரையும் இன்னொருவரின் புல் ரிக்வெஸ்டில் சேர்த்துவிடுங்கள். முதல் வாரம் எல்லோரும் "சூப்பர்" என்று மட்டும்தான் எழுதுவார்கள். அதனால் ஒரே ஒரு விதி வையுங்கள்: தனக்குப் புரியாத ஒரு வரியைத் தேடி, அங்கே ஒரு கேள்வி. எழுதியவர் பதில் சொன்ன பிறகுதான் அப்ரூவ்.