ஏரிக்கரையில் ஒரு வருடம்: வூஹான் மாணவர்களின் வெயிலும் குளிரும்

[காட்சி: விடிகாலை. கரையிலிருந்து வளைந்து வளைந்து தண்ணீருக்குள் போகும் குறுகலான நடைபாலம். ஈரத் துண்டோடு சிலர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.]

வணக்கம். 2018 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் ஓர் ஏரிக்கரையில் பேசிக்கொண்டே நடந்த படங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அடுத்த வருடம் அக்டோபரில் அந்தப் பேச்சின் இரண்டாம் சுற்று நம்ம மாமல்லபுரத்தில் நடந்தது. முதல் சுற்று நடந்த இடம்தான் நீங்கள் இப்போது பார்ப்பது. ஹூபெய் மாகாணத் தலைநகர் வூஹானில் இருக்கும் கிழக்கு ஏரி. சீன மொழியில் தோங்ஹூ.

தலைவர்கள் இரண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள். வருடம் முழுக்க இந்தக் கரையில் இருப்பவர்கள் மாணவர்கள். வூஹானில் மட்டும் கல்லூரி மாணவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ஏரியின் தென்மேற்கே லுவோஜியா குன்றின் மேல் வூஹான் பல்கலைக்கழகம், தெற்கே காட்டுக்குள் கட்டியது மாதிரி ஹுவாசோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஏரியின் பரப்பு சுமார் 33 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய தண்ணீர் பக்கத்தில் இருந்தால் ஊர் குளுகுளுவென்று இருக்கும் என்றுதானே தோன்றும்? இங்கே அப்படி இல்லை. அது ஏன் என்று புரிந்தால், இங்குள்ளவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எங்கே பொழுதைக் கழிக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

[காட்சி: நண்பகல். வெறிச்சோடிய வளாகச் சாலை.]

சீனாவில் வூஹானுக்கு 'உலை' என்றே பெயர். சோங்சிங், நான்ஜிங், வூஹான் மூன்றையும் சேர்த்து 'மூன்று உலைகள்' என்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் 37, 38 டிகிரி சாதாரணம். அந்த மாதங்களில் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காற்று மேலே எழும்பாமல் கீழே அமுங்குகிறது. மேகம் கூடுவதில்லை. சுற்றிலும் மலை இருக்கும் தாழ்ந்த சமவெளி என்பதால் காற்றோட்டமும் குறைவு. கடலோ வெகு தூரம், கடற்காற்றுக்கு வழியே இல்லை.

சரி, ஏரி என்ன செய்கிறது? பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக விடுகிறது. கூடவே யாங்ட்சி ஆறும் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளும் காற்றில் ஈரத்தை ஏற்றிவிடுகின்றன. வியர்வை காய்வதில்லை. நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. ஏசி வருவதற்கு முன்பு, சாயங்காலமானதும் தெருவில் தண்ணீர் தெளித்து, மூங்கில் கட்டில்களை வரிசையாகப் போட்டு, ஊரே வெளியில் படுத்துத் தூங்கியது. இன்றும் நடுத்தர வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தக் கட்டில்களைப் பற்றித்தான் ஆசையோடு சொல்வார்கள்.

வெயிலுக்கு முன்னால் மழை. ஜூன் நடுவிலிருந்து மூன்று நான்கு வாரம் விட்டு விட்டுப் பெய்யும் 'மெய்யூ'. பிளம் பழுக்கும் காலத்து மழை என்று பொருள். அதே உச்சரிப்பில் 'பூஞ்சை மழை' என்றும் எழுதுவார்கள், அதுவும் பொருத்தம்தான். விடுதிக் கொடியில் போட்ட துணி காயாது, புத்தக அட்டையில் பூஞ்சை பிடிக்கும். தேர்வு வருவதும் இதே சமயத்தில்தான்.

[காட்சி: மறுபடி அதே நடைபாலம். ஒருவர் தண்ணீரில் குதிக்கிறார்.]

இந்தப் பாலத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வூஹான் பல்கலைக்கழகத்தின் லிங்போ வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஏரிக்குள்ளேயே அமைத்திருந்த பல்கலைக்கழக நீச்சல் குளத்தின் மிச்சம் இது. சூரிய உதயம் பார்க்க இருட்டோடு எழுந்து வருகிறவர்கள் உண்டு. கோடை மாலையில் குதித்து நீந்த வருகிறவர்கள் இன்னும் அதிகம்.

இந்தத் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. 1970களில் நகரத்துக் கழிவு கலந்து, கோடைதோறும் ஏரி பச்சைப் பாசியாகத் திரண்டு நாறியது. 1985ல் அந்தப் பாசித் திரட்சி நின்றுபோனது. கரையிலேயே இருக்கும் நீர்வாழ் உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காரணம் தேடினார்கள். ஏரியில் வளர்க்க விட்ட வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் பாசியைத் தின்று தீர்த்ததுதான் முக்கியக் காரணம் என்று விளக்கினார்கள். சாப்பாட்டுக்காக விட்ட மீன் ஏரியைத் துப்புரவு செய்திருக்கிறது! எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அப்புறம் சைக்கிள். முன்பெல்லாம் ஏரியின் நடுவே போன சாலையில் கார்கள் ஓடின. 2015 கடைசியில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதையைத் திறந்து கார்களை அதற்குள் அனுப்பிவிட்டார்கள். காலியான சாலை 2016 டிசம்பரில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரிய பசுமைப் பாதையானது. மறு வருடமே மொத்த நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் மரநிழல். வாடகை சைக்கிளில் வகுப்புத் தோழர்கள் கூட்டமாகப் போவதைச் சனி, ஞாயிறில் பார்க்க வேண்டும்.

[காட்சி: காலை. தெருவோரக் கடை. காகிதக் கிண்ணம், அதில் நூடுல்ஸ்.]

காலைச் சாப்பாட்டுக்கு இங்கே 'குவோசாவ்' என்று பெயர். காலையைக் கடப்பது என்று பொருள். பெரும்பாலும் ரெகான்மியன்: முந்தியே வேகவைத்து, எண்ணெய் தடவி ஆறவைத்த நூடுல்ஸைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, கெட்டியான எள் விழுது, ஊறுகாய் முள்ளங்கி, வெங்காயத் தாள் போட்டுக் கிளறுவார்கள். குழம்பு கிடையாது, அதனால் சிந்தாது. எட்டு மணி வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகள் நடந்துகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

செப்டம்பரில் புது மாணவர்கள் ராணுவப் பயிற்சியோடு படிப்பைத் தொடங்குவார்கள். வெயில் போய்விட்டது என்று நம்பும்போது திரும்பி வரும் சூட்டுக்கு 'இலையுதிர்காலப் புலி' என்று பெயர். அந்தப் புலியின் வாயில்தான் அணிவகுப்பு. அது ஓய்ந்தால் ஒஸ்மாந்தஸ் பூ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன மஞ்சள் பூ, வாசனை மட்டும் வளாகம் முழுக்க வீசும். வூஹான் பல்கலைக்கழகத்தில் விடுதிப் பகுதிகளுக்கே செர்ரித் தோட்டம், ஒஸ்மாந்தஸ் தோட்டம், பிளம் தோட்டம், மேப்பிள் தோட்டம் என்றுதான் பெயர். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் ஒரு பருவத்தின் பெயர் பதிலாக வரும்.

குளிர்காலத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. ஜனவரி சராசரி 4 டிகிரி போலத்தான். ஆனால் சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்ற கோட்டுக்கு வடக்கே இருக்கும் நகரங்களுக்குத்தான் கட்டடங்களைச் சூடாக்கும் மைய வெப்பக் குழாயை அரசு போட்டது. வூஹான் கோட்டுக்குத் தெற்கே. அதனால் வெளியே எவ்வளவு குளிரோ, அறைக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு. ஏரி ஈரம் வேறு எலும்பில் இறங்கும். பையன்கள் தடித்த மேலங்கியோடு படிக்கிறார்கள், வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில் வீடுகளில் தாமரைக் கிழங்கும் பன்றி விலா எலும்பும் போட்டு மணிக்கணக்கில் சூப் கொதிக்கும்.

[காட்சி: பச்சை ஓட்டுக் கூரைகள், கீழே வெள்ளைப் பூக்கள்.]

மார்ச் நடுவில் செர்ரி பூக்கும். வூஹான் பல்கலைக்கழகத்தின் குன்றுச் சரிவில் 1930களில் கட்டிய பழைய விடுதியின் மொட்டைமாடிதான் பார்க்கச் சிறந்த இடம். முதல் மரங்களை 1939ல் நட்டது வூஹானைக் கைப்பற்றியிருந்த ஜப்பான் ராணுவம். போர் முடிந்தும் மரங்கள் நின்றன. 1972ல் சீன–ஜப்பான் உறவு சீரானபோது ஜப்பான் செர்ரிக் கன்றுகளைப் பரிசளித்தது. அவற்றில் 50 கன்றுகளை அப்போதைய சீனப் பிரதமர் சௌ என்லாய் இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று பூக்காலத்தில் வெளியாட்கள் முன்பதிவு செய்துதான் உள்ளே வர முடியும்.

2020 மார்ச்சில் யாருமே வர முடியவில்லை. நகரம் மூடிக் கிடந்தது. பூக்களை இணையத்தில் நேரலையாகத்தான் காட்டினார்கள். அடுத்த மார்ச்சில், தொற்றுக்காலத்தில் வூஹானில் வேலை பார்த்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் பல்கலைக்கழகம் அழைத்தது. அவர்களுக்கென்று தனி நாட்கள் ஒதுக்கப்பட்டன. குடும்பத்தோடு வந்து அந்த மரங்களுக்குக் கீழே நடந்தார்கள்.